ஒரு ரேடியோவுக்கு எத்தனை காது? - பாட்டுப்பெட்டி வாங்கிய கதை (நீண்ட இழை)

(1)


"டாக்டர், ரெண்டு லட்ச ரூபாய்க்கு ஆம்ப்ளிஃபயர், மூணு லட்ச ரூபாய்க்கு ஸ்பீக்கர்னு வாங்குறாங்களே... இவங்களுக்கெல்லாம் எங்கிருந்து காசு வருது? அதுவும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துறாங்க!"

நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. காது சம்பந்தப்பட்டது என்பதால் என்னிடம் கேட்டிருப்பார் போல.

இதற்கு நூறு வருடத்துப் பதில் ஒன்று இருக்கிறது. அதை நம்ம செங்கல்பட்டு - பீச் ரயில் பாதையிலேயே சொல்லிவிடலாம். கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படியுங்கள்.

(2)
முதலில் ஒரு உண்மை.

பாட்டுப்பெட்டி என்பது எந்தக் காலத்திலும் சம்பளக்காரன் கையிலிருக்கும் காசுக்குள் அடங்கிய பொருளே இல்லை. கிராமபோன் காலத்திலும் இல்லை. ரேடியோ காலத்திலும் இல்லை. இன்றும் இல்லை.

அப்படியும் நம்ம ஆட்கள் பாட்டுக் கேட்காமல் இருந்தார்களா? இல்லையே!

எப்படி?

பெரிய விலையைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்தார்கள். யாருக்கும் யாருக்கும் இடையே பிரித்தார்கள் என்பதில்தான் கதையே இருக்கிறது.

(3)
தாமஸ் எடிசன் ஒலியைப் பதிவு செய்து திருப்பிக் கேட்கும் கருவியைச் செய்தது 1877-ல். எமில் பெர்லினர் தட்டையான தட்டில் ஓடும் கிராமபோனைக் கொண்டுவந்தது 1887-ல்.

1902-ல் கொல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார்கள். 1908-ல் அங்கே இசைத்தட்டு அச்சிடும் தொழிற்சாலையே வந்துவிட்டது.

அந்தத் தட்டு எதனால் ஆனது தெரியுமா? அரக்கு! பூச்சி சுரக்கும் பிசின். அதை உலகத்துக்கு முக்கியமாக அனுப்பியதே இந்தியாதான். சரக்கு நம்முடையது. ஆனால் பெட்டி நம் வீட்டில் இல்லை.

(4)
சென்னையில் 1930-களில் ஏ.வி. மெய்யப்பன் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் இசைத்தட்டுகளை விற்றது. பிற்காலத்தில் ஏவிஎம் ஸ்டூடியோவைக் கட்டிய அதே மெய்யப்பன்தான்.

பெட்டியை வாங்கினால் செலவு முடிந்ததா? அதுதான் இல்லை.

தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் ஓடும். இரும்பு ஊசி சீக்கிரம் தேய்ந்துவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். புதுப் பாட்டு வேண்டுமென்றால் புதுத் தட்டு வாங்க வேண்டும்.

ஆக, "வாங்கிக்கொண்டே இருக்கும்" வியாதி இன்றைக்கு வந்ததல்ல. ஊசி காலத்திலேயே வந்தது.

ஊரில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் திண்ணையில் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். காசு ஒருத்தருடையது. காது இருபது பேருடையது.

(5)
அடுத்தது ரேடியோ.

1924-ல் சென்னையில் சில ஆர்வலர்கள் சேர்ந்து "மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்" ஆரம்பித்தார்கள். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி அதன் முன்னோடி. நல்லா கவனிங்க... நம்ம மாகாணத்தில் வானொலியை ஆரம்பித்தது அரசாங்கம் அல்ல, பொழுதுபோக்குக்காரர்கள்!

மூன்றே வருடம். 1927-ல் காசு இல்லாமல் நின்றுவிட்டது.

ஆடியோ பைத்தியம் பிடித்துக் காசு தீர்ந்துபோன முதல் தமிழ்நாட்டுக் குழு இவர்கள்தான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆனால் அவர்களுடைய கருவி வீணாகவில்லை. மாநகராட்சி அதை எடுத்துக்கொண்டு 1930-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. வீட்டில் பெட்டி இல்லாதவன் என்ன செய்வான்? மெரினா போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி கட்டினார்கள். கடற்கரைக்கு வந்தால் பாட்டு இலவசம்.

1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது.

(6)
பிறகு ஊர் ஊருக்குப் பஞ்சாயத்து ரேடியோ.

நாற்பது வயதுக்கு மேல் உள்ளவர்கள் சிலருக்காவது நினைவிருக்கும். பூங்காவிலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ ஒரு அறை. அதற்குள் பெட்டி. சுவரில் ஒலிபெருக்கி. சாயங்காலம் செய்தி, விவசாய நிகழ்ச்சி, பாட்டு. நேரம் முடிந்ததும் ஆள் வந்து அணைத்துப் பூட்டிவிட்டுப் போவார்.

ஒரு ரேடியோ. ஊர் முழுக்கக் காது.

விலையை ஊரே பகிர்ந்துகொண்டது. வரிப்பணமாக.

(7)
வீட்டில் சொந்த ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஆமாங்க. துப்பாக்கிக்கு மாதிரி ரேடியோவுக்கும் லைசென்ஸ்!

தபால் நிலையத்தில் புத்தகம் கொடுப்பார்கள். வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். 1970-களில் வீட்டு ரேடியோவுக்கு ஆண்டுக்கு 15 ரூபாய். 1980-களின் நடுவில்தான் இது ஒழிந்தது.

அவ்வளவு கட்டியும் ஜனங்கள் கேட்டது பெரும்பாலும் இலங்கை வானொலியை! 1952-க்குப் பிறகு நம்ம வானொலி சினிமாப் பாட்டை ஓரம் கட்டியது. ஜனங்கள் முள்ளைத் திருப்பிவிட்டார்கள். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத்... குரல்கள் கடலைத் தாண்டி வந்தன. நம்ம கடலோரத்தில் அந்தக் காலத்துப் பெரியவர்களிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். முகம் மாறும்.

1957-ல் விவித் பாரதி வந்ததற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம்.

(8)
சரி, ஆசை வந்துவிட்டது. காசு?

இங்கேதான் நம்ம கதையின் முக்கியமான ஆள் வருகிறார்.

வி.ஜி. பன்னீர்தாஸ். 1955-ல் நிறுவனம் தொடங்கினார். தென்கோடி மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வந்தவர். ரேடியோ, கைக்கடிகாரம் போன்ற பொருட்களைத் தவணை முறையில் விற்று, மாதச் சம்பளக்காரனை அண்ணா சாலைக் கடைக்குள் நுழைய வைத்தவர்.

"முழுப் பணமும் இல்லையா? பரவாயில்லை. எடுத்துட்டுப் போங்க. மாசா மாசம் கட்டுங்க."

இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியும். அன்றைக்கு அது ஒரு குமாஸ்தாவின் வீட்டுக்குள் ரேடியோவைக் கொண்டுவந்த மந்திரம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும்போது ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி கோல்டன் பீச் பார்த்திருப்பீர்கள். அசையாமல், சிரிக்காமல் நின்ற அந்தச் "சிலை மனிதரை"ச் சிரிக்க வைக்க நம்மில் பாதிப் பேர் முயற்சி செய்திருப்போம். தவணையில் வளர்ந்த நிறுவனம்தான் பின்னாளில் அந்தக் கடற்கரையை உருவாக்கியது.

(9)
தவணை நம்ம கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் சிங்கர் நிறுவனம் 1850-களிலேயே தையல் மெஷினைத் தவணையில் விற்றது.

ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். தையல் மெஷின் சம்பாதித்துக் கொடுக்கும். அதன் தவணையை அதுவே கட்டிவிடும். ரேடியோ பாடும். தவணை கட்டாது!

அதனால்தான் அன்று ஒரு கட்டுப்பாடு தானாகவே இருந்தது. ஒரு ரேடியோ வாங்கினால் இருபது வருடம். வால்வு போனால் வால்வை மாற்று. மேலே துணி உறை தைத்துப் போடு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து வை. கடன் ஒரு முறை, பயன் ஒரு தலைமுறைக்கு.

(10)
தவணைக்குப் போகாதவர்கள் சீட்டுக்குப் போனார்கள்.

இருபது பேர். ஆளுக்கு மாதம் 500. மொத்தம் 10,000. மாதம் ஒருவருக்கு அந்தத் தொகை போகும். குலுக்கலிலோ ஏலத்திலோ யாருக்கு என்று முடிவாகும். அவர் வீட்டுக்கு அந்த மாதம் டேப் ரெக்கார்டர் வரும்!

யோசித்துப் பாருங்கள். அது வங்கிக் கடன் இல்லை. பத்தொன்பது பேரின் பொறுமை, இருபதாவது ஆளின் பாட்டாக மாறியது. நம்பிக்கைதான் மூலதனம். நம்பிக்கை உடைந்த இடங்களும் நிறைய. அதனால்தான் தமிழ்நாட்டில் 1961-லேயே சீட்டு நிதிச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

(11)
இப்போது ஒரு கேள்வி. அந்தக் காலத்தில் அடிக்கடி "அப்கிரேட்" செய்த ஆள் யார்?

ஜமீன்தாரா? டாக்டரா? வக்கீலா?

மைக் செட்காரர்!

ஆடி மாசம் அம்மன் கோயிலில் கூழ் ஊத்தும்போது பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவாரே... அவரேதான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், மீனவர் குப்பத்துத் திருவிழா என்று அவர் பெட்டி சம்பாதித்தது. சம்பாதித்த காசில் அடுத்த வருடம் இன்னொரு ஆம்ப்ளிஃபயர். அதற்கடுத்த வருடம் இன்னும் இரண்டு பாக்ஸ். போட்டிக்கு அடுத்த ஊர் செட்காரர் வேறு இருப்பார்.

தையல் மெஷின் கணக்கு இவரிடம்தான் சரியாக உட்கார்ந்தது. ஆசையும் பிழைப்பும் ஒன்றாக இருந்தவர்.

(12)
இனி ரயில் ஏறுவோம்.

செங்கல்பட்டில் ஏறினால் பார்க் ஸ்டேஷன். இறங்கினால் சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட். பழைய புத்தகத்தோடு பழைய கிராமபோன், பழைய தட்டு எல்லாம் கிடைத்த இடம். ஒரு வீட்டில் ஓய்ந்த பெட்டி இன்னொரு வீட்டில் பாடத் தொடங்கிய இடம். 1985 மே மாதம் அது தீப்பிடித்து எரிந்தது. எரிந்தது கட்டடம் மட்டுமல்ல. காசில்லாதவனுக்கு இருந்த ஒரு படிக்கட்டும்தான்.

(13)
அதே ரயிலில் கடைசி வரை போனால் பீச் ஸ்டேஷன். எதிரே பர்மா பஜார்.

1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி. தொடர்ந்து கடைகள், தொழில்கள் தேசியமயம். பல தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் கப்பலில் திரும்பினார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969-ல் உருவானது இந்தக் கடைத்தெரு.

அங்கே ஜப்பான் டேப் ரெக்கார்டர்கள் கிடைத்தன. எப்படி வந்தன என்று யாரும் கேட்கவில்லை. காரணம், நேர்வழியில் வாங்கினால் சுங்க வரி அப்படி! 1991 பட்ஜெட்டில் சுங்க வரியின் உச்சவரம்பை 150 சதவீதமாகக் "குறைத்தார்கள்" என்றால், அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஏமாந்த கதைகளும் உண்டு. பெட்டியை வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே செங்கல் இருக்கும் என்பது அந்தக் காலத்து ஊர்ப்பேச்சு. நமக்கு ஊர்ப் பெயரிலேயே செங்கல் இருக்கு... காசு கொடுத்து வேற வாங்கணுமா?

(14)
1970-களில் வளைகுடா வேலை வந்தது. துபாய், சவுதி, குவைத் போனவர்கள் திரும்பி வரும்போது தோளில் ஒரு "டூ இன் ஒன்". ரேடியோவும் கேசட்டும் ஒரே பெட்டியில். நேஷனல் பானாசோனிக் என்ற பெயர் நம்ம ஊரில் கிட்டத்தட்ட ஒரு அந்தஸ்து.

அந்தப் பெட்டிக்கு விலை கொடுத்தது யார்?

இரண்டு வருடம் பிள்ளை முகத்தைப் பார்க்காமல் வெயிலில் நின்ற ஒருவர். அவர் குரலைக் கேசட்டில் பதிவு செய்து ஊருக்கு அனுப்புவார். வீட்டில் எல்லோரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்தப் பெட்டியின் விலையை ரூபாயில் எழுத முடியாது.

(15)
வெளிநாட்டில் ஆள் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? ரிச்சி தெரு!

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் உதிரிபாகங்களின் கடல். பாலிடெக்னிக் பையன்கள் 4440 ஐசி போர்டு, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு ஸ்பீக்கர் வாங்கி வந்து வீட்டிலேயே "அசெம்பிள் செட்" செய்தார்கள். கம்பெனி செட்டின் விலையில் ஒரு பகுதிதான் செலவு.

பெட்டி செய்ய மரப்பலகைக்குக் காசு இல்லையா? மண்பானை!

பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்தால் "தொம் தொம்" என்று பேஸ் வரும். நம்மில் பலர் வீட்டில் இருந்திருக்கும். அம்மா திட்டியிருப்பார்.

(16)
இந்தப் பானைக்குப் பின்னால் ஒரு டாக்டர் இருக்கிறார் தெரியுமா?

ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். ஜெர்மனிக்காரர். இலவசமாக மருத்துவம் படித்தார். பதிலுக்கு ராணுவ மருத்துவராக வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். அன்றே "பாண்ட்" இருந்திருக்கு பாருங்க!

கண்ணின் உட்புறத்தைப் பார்க்க இன்றும் நாங்கள் பயன்படுத்தும் ஆப்தல்மோஸ்கோப்பை 1851-ல் உருவாக்கியவர் அவர். 1863-ல் ஒலியைக் காது எப்படி உணர்கிறது என்று ஒரு பெரிய நூலே எழுதினார். குறுகிய வாயும் பெரிய வயிறும் உள்ள பாத்திரத்துக்குள் இருக்கும் காற்று ஒரு குறிப்பிட்ட சுருதிக்கு மட்டும் பலமாக அதிரும் என்பதை வைத்து ஒலியைப் பிரித்துப் பார்த்தார்.

அந்தத் தத்துவத்தைத்தான் நம்ம பையன்கள் குயவரிடம் வாங்கிய பானையில் செய்தார்கள். புத்தகம் படிக்காமலே!

(17)
சரி டாக்டர், கேள்விக்கு வாங்க. இன்றைக்கு லட்சக்கணக்கில் எப்படி வாங்குறாங்க?

நான் பார்த்த வரை மூன்று வகை.

முதல் வகை, உண்மையிலேயே வசதி உள்ளவர்கள். இவர்கள் குறைவு.

இரண்டாம் வகை, மூர் மார்க்கெட் வாரிசுகள். இவர்கள் புதிது வாங்குவதே இல்லை. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். ஒரு லட்சம் ரூபாய் ஆம்ப்ளிஃபயரை ஒருவர் புதிதாக வாங்கி 60 ஆயிரத்துக்கு விற்கிறார் என்று வையுங்கள். அதை வாங்கியவர் இரண்டு வருடம் கேட்டுவிட்டு 50 ஆயிரத்துக்கு விற்கிறார். அவருக்கு உண்மையான செலவு 10 ஆயிரம்தான். மாதத்துக்கு ஏறக்குறைய 400 ரூபாய்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு "லட்ச ரூபாய் செட்டு, அடிக்கடி மாத்துறான்" என்று தெரியும். அவர் கட்டுவது விலையை அல்ல, வித்தியாசத்தை மட்டும். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போகும். ஒரே பெட்டி ஐந்து வீட்டில் பாடும். பஞ்சாயத்து ரேடியோ மாதிரிதான்... ஒரே நேரத்தில் அல்ல, ஒருவர் பின் ஒருவராக.

(18)
மூன்றாம் வகைதான் எனக்குக் கவலை.

இவர்கள் இஎம்ஐக்காரர்கள். பழைய பெட்டிக்கே இன்னும் ஆறு மாதத் தவணை பாக்கி இருக்கும். புதிய பெட்டி வந்து இறங்கும்.

"வட்டியே இல்லாத இஎம்ஐ டாக்டர்" என்பார்கள். பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியை எங்கோ மறைக்கிறார்கள் என்று 2013-ல் ரிசர்வ் வங்கியே வங்கிகளைக் கண்டித்துத் தடுத்தது. இன்று வட்டியைத் தள்ளுபடி மாதிரி கழித்துக் காட்டுகிறார்கள். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டு போனால் மாதம் 3 முதல் 3.5 சதவீதம். ஆண்டுக்கு 36 முதல் 42!

ஓபியில் சர்க்கரைக்கும் பிபிக்கும் மருந்து எழுதும்போது "தூக்கம் வருதா?" என்று கேட்பேன். "லோன் டாக்டர்" என்ற பதில் அடிக்கடி வருகிறது. அதில் வீட்டு லோன், கல்யாண லோன் எல்லாம் உண்டு. பொழுதுபோக்குக்கு வாங்கிய லோனும் உண்டு. ஆறுதலுக்காக வாங்கிய பொருள் தூக்கத்தைக் கெடுத்தால் அது பொழுதுபோக்கு இல்லை.

(19)
அன்று விலையை மனிதர்களுக்கிடையே பங்கு போட்டோம். திண்ணை, பஞ்சாயத்து, சீட்டு, பழைய மார்க்கெட். இன்று ஒரே மனிதனின் வரப்போகும் மாதங்களுக்கிடையே பங்கு போடுகிறோம். கட்டுபவர் ஒருவர். கேட்பவரும் ஒருவர். பல வீட்டில் அதுவும் ஹெட்போனில்.

இந்த மாற்றத்தைத்தான் நான் சொல்ல வந்தேன்.

(20)
ஒரு மருத்துவராகக் காது பற்றிக் கொஞ்சம்.

ஆம்ப்ளிஃபயரின் சக்தியை 50 வாட்டிலிருந்து 100 வாட்டாக இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது. 3 டெசிபல்தான் கூடும். இரு மடங்கு சத்தம் போல காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு சக்தி. நம் காது அப்படித்தான் படைக்கப்பட்டிருக்கிறது. விலை ஏறும் வேகத்தில் இன்பம் ஏறாது.

வயது ஆக ஆக உச்ச சுருதிகள் முதலில் மங்கும். நடுத்தர வயதில் பலருக்கு 15 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதே சிரமம். வசதி வரும் வயதில் காது கொஞ்சம் விலகிப் போயிருக்கும்!

உள்காதில் உள்ள நுண்மயிர்ச் செல்கள் ஒரு காதுக்கு ஏறக்குறைய 15 ஆயிரம். அழிந்தால் மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது வேலையிடங்களுக்கு வகுத்த எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. உலகெங்கும் நூறு கோடிக்கு மேற்பட்ட இளைஞர்கள் சத்தமாகக் கேட்பதால் ஆபத்தில் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

(21)
ஆகவே, இந்த ஆசை உள்ளவர்களுக்கு என் பரிந்துரை.

- முதல் அப்கிரேட் உங்கள் அறை. தடித்த திரை, தரையில் பாய், புத்தக அலமாரி. எதிரொலி குறையும். செலவு சொற்பம்.

- இரண்டாவது, காதுப் பரிசோதனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோமெட்ரி செய்துகொள்ளலாம்.

- வாங்கினால் பழையது வாங்குங்கள். நேரில் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். பெட்டியைத் திறந்து பாருங்கள், செங்கல் இருக்கப் போகிறது!

- பழையதை விற்ற பிறகே புதியது.

- கடனில் வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஒரு கடன் முடிந்தபின் அடுத்தது. அதுதான் நம்ம தாத்தா கணக்கு.

- கேட்கும்போது யாரையாவது பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்தப் பெட்டியின் விலையில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

(22)
இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், "நம்ம வீட்டுக்கு முதல் ரேடியோ எப்படி வந்தது? யார் காசு?" என்று கேளுங்கள். தவணையா, சீட்டா, துபாயா, அத்தை கொடுத்ததா...

நிச்சயம் ஒரு கதை வரும். அந்தக் கதையில் ஒருவர் பெயர் மட்டும் இருக்காது.



அரசு பொதுநல மருத்துவர், எம்.பி.பி.எஸ்.
செங்கல்பட்டு